பொலன்னறுவையின் கல்லும் நீரும்

இலங்கையின் பழைய தலைநகர்களைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் இடிந்த மாளிகைகளையும் தாதுகோபங்களையும் சிலைகளையும் மனத்திற் கொண்டே புறப்படுகின்றனர். பொலன்னறுவைக்குச் செல்வோரும் அவ்வாறே செல்கின்றனர். கதுருவெலைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, பஸ்வண்டியிலோ துவிச்சக்கர வண்டியிலோ இடிபாடுகளுக்கிடையே சுற்றி, பார்க்க வேண்டியவை எனப் பிறர் கூறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகின்றனர். ஆயினும் அந்நகரைக் காணத் தொடங்குதற்குரிய இடம் இடிபாடுகளுக்கு வெளியே இருக்கின்றது. நகரின் மேற்குப் புறத்தில் நெடுகக் கிடக்கும் பராக்கிரம சமுத்திரத்தின் குளக்கட்டே அவ்விடமாகும்.

காலை வேளையில் அக்கட்டின்மேல் நிற்பவன் மேற்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீரையும், அதற்கப்பால் நீல மலைத்தொடரையும் காண்பான். கிழக்கே திரும்பினால் கட்டின் அடிவாரத்தில் அரண்மனையின் செங்கற் சுவர்களும், மரங்களுக்கு மேலாகத் தலைகாட்டும் தாதுகோபங்களும், அவற்றைக் கடந்து பசிய வயல்களும் தோன்றும். நீர் மேலே நிற்கின்றது. நகரும் வயலும் கீழே கிடக்கின்றன. இந்த ஒரு காட்சியே பொலன்னறுவையின் வரலாற்றில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். அக்கட்டு உறுதியாய் நின்ற காலத்தில் நகர் தழைத்தது. கட்டைப் பேணும் ஆட்சி குலைந்தபோது நகரைக் காடு மூடியது.

பொலன்னறுவை தலைநகரானது எவ்வாறு? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் தலைநகராய் விளங்கியது அனுராதபுரம். அக்காலத்திலேயே பொலன்னறுவையில் அரசர் சிலர் தங்கியிருந்ததுண்டு. மகாவலி கங்கையின் துறைகளைக் காத்துநின்ற இடம் அது. தெற்கே உரோகணத்திலிருந்து எழும் படைகளைத் தடுப்பதற்கும், கிழக்கே திருகோணமலைத் துறையோடு தொடர்பு கொள்வதற்கும் ஏற்றது. 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராச சோழனின் படைகள் வட இலங்கையைக் கைப்பற்றின. 1017இல் இராசேந்திர சோழன் காலத்தில் ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். 1029இல் அவன் அங்கேயே உயிர் நீத்தான். சோழர் அனுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைத் தம் ஆட்சித் தலைநகராக்கி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வென்று நகரைக் கைப்பற்றியபோது, அவனும் அனுராதபுரத்துக்கு மீளாது பொலன்னறுவையிலேயே இருந்து ஆண்டான். விசயராசபுரம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பாளி நூல்களில் இதற்குப் புலத்திநகர் என்று பெயர். பல பெயர் பூண்ட இந்நகரில் பல கைகளின் வேலைப்பாட்டைக் காணலாம்.

குளக்கட்டிலிருந்து இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது முதலாம் பராக்கிரமபாகுவின் அரண்மனை. 1153 முதல் 1186 வரை ஆண்ட இம்மன்னனின் மாளிகை ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் உடையதாயிருந்ததெனச் சூளவம்சம் புகழ்ந்துரைக்கும். இன்று எஞ்சி நிற்பவை மூன்று மாடி அளவிற்கு எழுந்த தடித்த செங்கற் சுவர்களே. மேல்மாடிகளைத் தாங்கிய உத்தரங்கள் செருகப்பட்ட துளைகள் சுவரில் வரிசையாய்த் தெரிகின்றன. மேற்பகுதிகள் மரத்தாலானவை, ஆதலின் அவை அழிந்தன. சற்றே கிழக்கில் அரசசபை மண்டபம் இருக்கின்றது. அதன் அடித்தளத்தின் மூன்று வரிசைகளிலும் யானைகளும் சிங்கங்களும் குறளரும் செதுக்கப்பட்டிருக்கின்றனர். யானைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதிருத்தல் புலனாகும். அருகேயுள்ள குமார பொக்குணை என்னும் நீராடு குளத்துக்கு நிலத்தடிக் கால்வாய் வழியாக நீர் வந்து, முதலைவாய் வடிவமான கல்வாய்களினூடே விழுந்ததாம். மன்னன் நீராடிய நீரும் அந்தப் பெருங்குளத்தின் கொடையே.

அரண்மனையை விட்டு வடக்கே செல்லும்போது முதலாம் சிவதேவாலயம் எதிர்ப்படும். நன்றாகச் செதுக்கிய கருங்கற்களை இடைவெளி தோன்றாது இணைத்துக் கட்டிய இதன் சுவர்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கூரை மாத்திரம் இல்லை. பாண்டிய நாட்டுச் சிற்பமுறையைத் தழுவிய இது சோழர் காலத்துக்குப் பிற்பட்டது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருட் பகுதித் தலைவராயிருந்த பெல் என்பார் இவ்விடத்தில் அகழ்வு நடத்தியபோது, மண்ணினுள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் பல வெளிவந்தன. நடராசர், உமையம்மையார், சமயகுரவர் ஆகியோரின் உருவங்கள் அவற்றுள் அடங்கும். பகைவர் கைப்படாதிருக்க அடியார் அவற்றை மண்ணிற் புதைத்தனர் போலும். பெரும்பாலானவை இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளன. சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் இவற்றைப்பற்றி எழுதியதன் பின்னரே, ஈழத்து வெண்கலங்களின் சிறப்பை உலகம் நன்கறிந்தது.

அடுத்து வருவது தளதா மளுவை என வழங்கும் சதுரமான உயர்மேடை. பன்னிரு கட்டடங்கள் வரை நெருங்கி நிற்கும் இவ்விடமே நகரின் இதயமாகும். நடுநாயகமாக விளங்குவது வட்டதாகே. வட்டமான மேடை, அதன்மேல் நாற்றிசையும் நோக்கி நான்கு புத்தர் சிலைகள், நடுவிலே சிறு தூபி, சுற்றிலும் கற்றூண் வரிசைகள். வாயிலின் அடியில் சந்திரவட்டக்கல் பதிக்கப்பட்டிருக்கின்றது. அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கம் ஆகியவற்றுடன் இடபமும் செதுக்கப்பட்டிருக்கும். இங்கே இடபத்தைக் காணோம். சைவர் வழிபடும் இடபத்தின் உருவம் காலடியில் மிதிபடுதல் தகாது எனக் கருதி நீக்கினர் என்று அறிஞர் பலர் கூறுவர். இரு சமயத்தாரும் அருகருகே வாழ்ந்த நகரில் அவ்வாறு நிகழ்ந்திருத்தல் இயல்பே.

அம்மேடையில் வட்டதாகேயின் எதிரே ஹட்டதாகே, அட்டதாகே என்று மயங்கத்தக்க ஒலியுடைய பெயர்களோடு இரு கட்டடங்கள் உள்ளன. ஒன்று ஹட்டதாகே, நிசங்கமல்லன் கட்டியது. மற்றது அட்டதாகே, தந்ததாதுவை வைத்தற்கென விசயபாகு காலத்தில் எழுந்தது. அட்டதாகேயின் பக்கத்தே நிற்கும் ஒரு கல்வெட்டைத் தமிழறிந்த எவரும் காணாது செல்லலாகாது. வேளைக்காரர் கல்வெட்டு என வழங்கும் அது தமிழில் எழுதப்பட்டது. வேளைக்காரர் என்போர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இலங்கை மன்னரிடம் பணியாற்றிய படையினர். விசயபாகு காலமான பின்னர் அமைதி குலைந்த வேளையில், புத்தபெருமானின் தந்ததாது இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை அப்படையினர் ஏற்றனர். முகலன் என்னும் மகாதேரர் அவர்களை அழைத்து அப்பொறுப்பை ஒப்புவித்ததையும், அவர்கள் வளஞ்சியர், நகரத்தார் ஆகிய வணிக சமூகத்தாரையும் கூட்டி உடன்பட்டதையும், கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி எனப் பெயரிட்டதையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. தம் குலம் உள்ளளவும் கோயிலையும் அதன் உடைமைகளையும் அங்கு அடைக்கலம் புகுந்தோரையும் காப்பதாக அவர்கள் உறுதி கூறினர். பௌத்தரின் தலையாய புனிதப் பொருளுக்குத் தமிழ்ப் படையினர் காவலாக நின்றமைக்குக் கல்லே சான்றாகின்றது. இலங்கையின் சரித்திரத்தை ஓயாத இனப்போராகவே எண்ணுவோர் இக்கல்லின் முன் சிறிது நேரம் நின்று வருதல் நன்று.

அதே மேடையில் இன்னொரு கல்லும் உண்டு. கல்பொத்த, அதாவது கற்புத்தகம் எனப்படும் அது ஏறக்குறைய 27 அடி நீளமுள்ளது. ஏட்டுச்சுவடியின் வடிவில் அமைந்தது. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தன் புகழை அதில் நிரம்பப் பொறித்துள்ளான். அக்கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்த செய்தியும் அதிலேயே காணப்படுகின்றது. அவ்வரசனே எழுப்பிய நிசங்கலதா மண்டபம் பக்கத்தில் இருக்கின்றது. தாமரைத் தண்டு வளைந்து வளைந்து எழுவதுபோன்ற எட்டுக் கற்றூண்கள் அதனைத் தாங்கின. பிரித் ஓதுவதை மன்னன் அதிலிருந்து கேட்பானாம். ஆட்சி ஒன்பது ஆண்டே ஆயினும், அவன் பெயர் பொறித்த கற்கள் நகரெங்கும் கிடக்கின்றன.

தளதா மளுவையிலிருந்து வடக்கே செல்லும் பாதையிற் சற்று விலகி நிற்பது இரண்டாம் சிவதேவாலயம். பொலன்னறுவையில் இன்று முழுமையாய் நிற்கும் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது. அடி முதல் முடி வரை கருங்கல்லாலான இச்சிறு கோயில் பதினோராம் நூற்றாண்டில் சோழர் கட்டியது. வானவன்மாதேவி ஈசுவரம் என்பது இதன் பழம்பெயரெனச் சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். சோழர் குலத்து அரசியின் பெயர் அது. அதிராசேந்திர சோழன் காலத்துச் சாசனமும் இங்கே உண்டு. சோழநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து பெயர்த்து வந்து வைத்தாற்போல் அக்கோயில் தோன்றுகின்றது. இன்றும் அங்கே விளக்கேற்றி வழிபடுவோர் உளர்.

மேலும் வடக்கே நிசங்கமல்லன் எழுப்பிய ரண்கொத் விகாரையும், அதனைக் கடந்து ஆளாகனப் பிரிவேனாவின் பெரும்பரப்பும் வரும். பிரிவேனா என்பது பிக்குகள் வாழ்ந்து கல்வி பயின்ற இடம். அங்கேயுள்ள இலங்காதிலக விகாரையின் இரு சுவர்கள் ஏறத்தாழ 55 அடி உயரத்துக்கு எழுந்து, இடையே ஒடுங்கிய வழியை விட்டு நிற்கின்றன. வழியின் முடிவில் தலையிழந்த பெரும் புத்தர் சிலை நிற்கின்றது. அருகேயுள்ள கிரி விகாரை பூச்சுக் கெடாத தாதுகோபம். காடு மூடிக் கிடந்த நூற்றாண்டுகளிலும் அதன் வெண்சாந்து பெரும்பாலும் உதிரவில்லை.

பொலன்னறுவையிற் காணவேண்டியவற்றுள் முதலிடம் பெறுவது கல்விகாரை. பராக்கிரமபாகு அமைத்த உத்தராராமம் என்னும் மடத்தின் பகுதியாய் இது இருந்தது. நீண்ட ஒரே பாறையில் நான்கு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தியானத்தில் அமர்ந்த பெருமானின் உருவம் 15 அடி. குடைவறையினுள் அமர்ந்த சிறிய உருவம் ஒன்று. கைகளை மார்பின்மேல் மடித்து நிற்கும் உருவம் ஏறத்தாழ 23 அடி. வலப்பக்கமாகச் சாய்ந்து பரிநிருவாண நிலையிற் கிடக்கும் உருவம் 46 அடி. நிற்கும் உருவம் ஆனந்த தேரருடையது என்பார் சிலர். புத்தருடையதே என்பார் பலர். கிடக்கும் உருவத்தின் தலையணையைப் பார்க்க வேண்டும். தலையின் பாரத்தால் அது சிறிது அமுங்கியிருப்பதாகச் சிற்பி செதுக்கியிருக்கின்றான். கடிய பாறையில் மெத்தென்ற தன்மையைக் காட்டிய கை அது. பாறையின் இயற்கையான வரிகள் முகத்தின் குறுக்கே ஓடியும் அமைதி குலையவில்லை. உருவங்களுக்கிடையே பாறையிற் பொறித்த நீண்ட சாசனம், பிக்குகள் ஒழுகவேண்டிய விதிகளைக் கூறுவது. பிளவுபட்டுக் கிடந்த சங்கத்தைப் பராக்கிரமபாகு ஒன்றாக்கிய செய்தியைத் தாங்கி நிற்பது.

கல்விகாரையோடு திரும்புவோர் பலர். வெயிலைப் பொருட்படுத்தாது மேலும் வடக்கே செல்வோர் மூன்று காட்சிகளைப் பெறுவர். முதலாவது தமிழ மகா சேயா. பாண்டிய நாட்டுப் போரிற் சிறைப்பட்ட தமிழரைக்கொண்டு பராக்கிரமபாகு கட்டத் தொடங்கியது, உலகிலேயே பெரிய தாதுகோபமாக எண்ணப்பட்டது, முற்றுப்பெறவில்லை. இன்று மரங்கள் அடர்ந்த குன்றென நிற்கும் அதன் உச்சியிற் சிறியதொரு தூபி இருக்கின்றது. காவலாக நின்ற தமிழர் கையும், சிறைப்பட்டுச் செங்கல் சுமந்த தமிழர் கையும் இந்நகரில் உண்டு. இரண்டையும் மறைக்காது சொல்வதே வரலாறு. இரண்டாவது தாமரைக் குளம். எட்டிதழ்த் தாமரை அடுக்கடுக்காய் விரிந்து உள்நோக்கி ஒடுங்குவதுபோற் கல்லிற் கட்டிய சிறிய குளம் அது. மூன்றாவது திவங்க சிலைமனை. அதன் சுவர்களிற் புத்த சாதகக் கதைகளின் ஓவியங்கள் மங்கிய நிறத்திற் காணப்படுகின்றன. அவற்றுள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை மிக அரியவை.

பகல் முழுவதும் கல்லைக் கண்டவர் மாலையில் நகரின் தென்கோடிக்குச் செல்லுதல் நன்று. அங்கே குளக்கட்டை அடுத்துப் பொத்குல் விகாரை இருக்கின்றது. நூல்களைப் பேணிய இடமென்று அதனைக் கருதுவர். அதற்கு அருகில் பாறையிற் செதுக்கிய மனித உருவம் ஒன்று 11 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கின்றது. தாடியும் பருத்த வயிறும் உடைய அம்முதியவரின் கைகளில் ஒரு பொருள் இருக்கின்றது. பராக்கிரமபாகு மன்னனே இவர், கையிலிருப்பது அரசபாரத்தைக் குறிக்கும் நுகம் என்று மக்கள் கூறுவர். முனிவர் ஒருவர் ஏட்டுச்சுவடியை ஏந்தி நிற்கின்றார் என்போரும் உளர். அவர் யாராயினும், ஓசையின்றி விரிந்து கிடக்கும் நீரின் அண்டையில் நிற்கின்றார். அங்கிருந்து சூரியன் குளத்துக்கப்பால் மறைவதைக் காணலாம்.

மறுநாளை நாட்டுப்புறத்துக்கு ஒதுக்க வேண்டும். நாட்டுப்புறத்தைக் காணாதவன் நகரத்தின் பொருளை அறியான். அதற்கு முதலில் அந்தக் குளத்தையே அறிதல் வேண்டும். பராக்கிரம சமுத்திரம் ஒரே குளமன்று. தோப்பாவெவ முதலான பழைய குளங்கள் பலவற்றை இணைத்துப் பராக்கிரமபாகு அதனைப் பெருக்கினான். அணைக்கட்டின் நீளம் ஏறத்தாழ 8½ மைல். உயரம் சராசரி 40 அடி. அதன் நீர் வெறும் மழைநீரன்று. நகரின் தென்மேற்கே அங்கமெடில்லை என்னுமிடத்தில் அம்பன் கங்கையைக் குறுக்கே மறித்து, கால்வாய் வெட்டிக் குளத்திற் சேர்த்தனர். மழையாக விழும் நீரில் ஒரு சிறிதும் மக்களுக்குப் பயன்படாது கடலிற் சேர்தல் தகாது என்பது அம்மன்னனின் கொள்கையாக இருந்ததெனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் கட்டியனவும் திருத்தியனவும் ஆக 163 பெருங்குளங்களையும் 2,376 சிறுகுளங்களையும் அந்நூல் கணக்கிடுகின்றது. புலவரின் புகழ்ச்சி அதிற் கலந்திருக்கலாம். ஆயினும் தேசப்படத்திற் புள்ளிகளெனச் சிதறிக் கிடக்கும் குளங்களைப் பார்ப்போர் அதனை வெறுங்கற்பனை என்று தள்ளிவிடார்.

இத்துணை நீரை மண்கட்டு எவ்வாறு தாங்குகின்றது? கட்டின் உட்சரிவிற் கற்கள் பாவப்பட்டிருக்கும். காற்றெழுப்பும் அலை அக்கற்களில் மோதித் தன் வலியை இழக்கும். அதனினும் நுட்பமானது நீரை வெளியே விடும் முறை. ஆழமான குளத்தின் அடியிலிருந்து திறந்துவிடப்படும் நீர் பெருவிசையோடு பாயும். அவ்விசை கட்டையே அரித்துவிடும். இதனைத் தடுக்கப் பழைய பொறியியலாளர், மதகின் வாயிற் கட்டினுள்ளே சதுரமான கற்கிணறு ஒன்றை அமைத்தனர். சிங்களத்தில் அது பிசோகொட்டுவ எனப்படும். நீர் அதனுள் வந்து விசை தணிந்து, பலகைகளால் அளவுபடுத்தப்பட்டு, கற்குழாய்களின் வழியே வாய்க்காலை அடையும். நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பாக்கர், 1909இல் வெளிவந்த தமது நூலில் இவ்வமைப்பை வியந்து எழுதியிருக்கின்றார். வன்னியிலே துருசு திறந்து வயலுக்கு நீர் விடும் கமக்காரன் செய்யும் வேலையும் அடிப்படையில் இதுவே.

பொலன்னறுவையிலிருந்து ஹபரணை வீதியிற் சென்றால் முதலிற் கிரித்தலைக் குளமும், அதன்பின் மின்னேரியாக் குளமும் வரும். கிரித்தலை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அக்கபோதி மன்னன் அமைத்தது. மின்னேரியாவோ அதனினும் முந்நூறு ஆண்டு பழையது. மகாசேன மன்னன் அமைத்தது. எலகரை என்னுமிடத்தில் அம்பன் கங்கையின் நீரைத் திருப்பி மின்னேரியாவுக்கு அவன் கொண்டுவந்தான். அப்பகுதி மக்கள் அவனை மின்னேரித் தெய்வம் என்று இன்றும் வழிபடுகின்றனர். கால்வாய் அங்கே முடியவில்லை. கவுடுல்லையைத் தொட்டுக் கந்தளாய் வரை நீள்கின்றது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கட்டினான் எனத் திருகோணமலைத் தமிழர் மரபு கூறும். அக்கபோதி கட்டினான் எனப் பாளி நூல் கூறும். ஒரே நீரைப் பருகியோர் இரு கதைகளைப் பேணி வந்திருக்கின்றனர்.

மின்னேரியாவில் கோடை முற்றும்போது குளம் வற்றி, அதன் படுகையிற் பசும்புல் முளைக்கும். அப்புல்லை நாடிச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கிற் கூடும். ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மாலைப்பொழுதில் குட்டிகளோடு அவை மேய்வதைக் காணப் பல நாட்டினரும் வருகின்றனர். 1997இல் இது தேசிய வனமாக்கப்பட்டது. அம்பன் கங்கையில் மொறகஹகந்தை நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கியபின், கோடையிலும் குளம் நிறைந்து புற்றரை நீரில் மூழ்குகின்றதென்று இயற்கை ஆர்வலர் முறையிடுகின்றனர். கமக்காரனுக்கு நீர் வேண்டும். யானைக்குப் புல் வேண்டும். நீரைத் திறக்கும் அளவிலும் காலத்திலும் இரண்டையும் நோக்க வேண்டியிருக்கின்றது.

வடக்கே மெதிரிகிரியையில், ஒரு சிறு பாறையின்மேல் 68 கற்றூண்கள் மூன்று வட்டமாய்ச் சூழ நிற்கும் வட்டதாகே உண்டு. பொலன்னறுவையிற் காணப்படும் கூட்டம் அங்கே இல்லை. காற்றின் ஓசையே துணை. தென்கிழக்கே மகாவலிக்கு அப்பால் திம்புலாகலை மலை தனித்தெழுந்து நிற்கின்றது. பண்டைப் பிராமிக் கல்வெட்டுக்களையுடைய குகைகளிற் பிக்குகள் தவமியற்றினர். அவர்களுக்கும் முன்னே வேடர் அம்மலைச்சாரலில் வாழ்ந்தனர். அவர் வழிவந்தோர் இன்றும் அயலில் உளர். மட்டக்களப்பை நோக்கிச் செல்வோர் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடப்பர். முன்னர் புகையிரதமும் மோட்டார் வண்டியும் ஒரே பாலத்தில் மாறிமாறிச் சென்றன. 2007இல் வீதிக்கெனத் தனிப்பாலம் அமைந்தது. அவ்வயலிலே தமிழ், சிங்கள, முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

இத்துணை வளம்பெற்ற நகர் அழிந்தது ஏன்? நிசங்கமல்லனுக்குப் பின் அரியணைப் போட்டி மூண்டது. 1215இல் கலிங்கத்திலிருந்து மாகன் பெரும்படையோடு வந்து நகரைக் கைப்பற்றி இருபத்தொரு ஆண்டு ஆண்டான். விகாரைகள் சூறையாடப்பட்டன என்று பாளி நூல்கள் வருந்திக் கூறும். சிங்கள மன்னர் தம்பதெனியா முதலான தென்மேற்கு நகர்களுக்குப் பெயர்ந்தனர். இடையிற் சிலர் பொலன்னறுவைக்குத் திரும்பியும் நிலைக்கவில்லை. எனினும் படையெடுப்பு ஒன்றினால் மாத்திரம் ஒரு நாடு காடாகிவிடாது. அனுராதபுரத்தைச் சோழர் அழித்தபின்னரும் மக்கள் வயலை உழுதனர். இம்முறை நிகழ்ந்தது வேறு. குளத்துக்கும் கால்வாய்க்கும் ஆண்டுதோறும் திருத்தம் வேண்டும். ஓரூரின் கால்வாய் மற்றோரூரின் குளத்தைச் சார்ந்திருக்கும். இவற்றை ஒருங்கே கவனிக்கும் ஆட்சியும் ஊர்க்காரரும் சிதறியபோது உடைப்புக்கள் அடைபடவில்லை. தேங்கிய நீரில் நுளம்பு பெருகியது; மலேரியாக் காய்ச்சல் எஞ்சியோரையும் துரத்தியிருக்கும் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். எக்காரணம் முந்தியது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முடிவோ ஒன்றே. 1820இல் ஃபேகன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் அவ்விடத்தைக் கண்டு எழுதியபோது, பெருநகரின்மேற் பெருங்காடு நின்றது.

நகர் மீண்டும் உயிர்பெற்ற வரலாறும் நீரிலேயே தொடங்குகின்றது. 1933இல், கமத்தொழில், காணி அமைச்சராயிருந்த டி. எஸ். சேனாநாயக்கா காலத்தில், மின்னேரியாவில் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. காட்டை வெட்ட வந்தோருட் பலர் காய்ச்சலில் மடிந்தனர். 1946 முதல் மலேரியாவை அடக்க டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. பராக்கிரம சமுத்திரமும் திருத்தப்பட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கட்டு இன்று ஏறத்தாழ 18,000 ஏக்கர் வயலுக்கு நீரளிக்கின்றது. அரண்மனையைத் திருப்பிக் கட்ட எவராலும் இயலவில்லை. குளத்தைத் திருப்பிக் கட்ட இயன்றது. 1982இல் பொலன்னறுவை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாயிற்று. அப்பெருமை கற்களுக்கு அளிக்கப்பட்டது. அதிற் குளத்துக்கும் பங்குண்டு.

நீரைப்பற்றிய கவலை இன்றும் ஓய்ந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே ஒருவகைச் சிறுநீரக நோய் பரவி வருகின்றது. குடிநீரோ, வயலில் இடும் இரசாயனமோ, வெயிலில் உழைக்கும் உடலின் வறட்சியோ, இவை யாவும் சேர்ந்தோ காரணம் என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. சிறுநீரக நோய்க்கென்றே பெரிய வைத்தியசாலை ஒன்று 2021இல் பொலன்னறுவையில் திறக்கப்பட்டது. யாத்திரிகன் போற்றும் அந்தப் பசிய வயலை உண்டாக்கும் குடும்பங்கள் இவ்வச்சத்தோடு வாழ்கின்றன என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

பொலன்னறுவைக்குச் செல்வோர் வெயில் ஏறுமுன் புறப்படுதல் நலம். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொணரும். விகாரைகளிலும் சிலைகளின் முன்னும் பாதரட்சையையும் தொப்பியையும் நீக்க வேண்டும். தோளையும் முழங்காலையும் மூடிய உடை தகும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடித்தல் தகாது. சுடுமணலில் வெறுங்காலோடு நடக்க அஞ்சுவோர் காலுறை அணிந்து செல்லலாம். ஒரே நாளில் யாவற்றையும் கண்டுவிட முயலாது, இரண்டு நாளேனும் தங்குதல் வேண்டும். ஒரு நாள் கல்லுக்கு, ஒரு நாள் நீருக்கு.

திரும்பும் வேளையில் மீண்டும் குளக்கட்டில் ஏறி நிற்பவன், முதல்நாட் காலையிற் கண்ட காட்சியையே காண்பான். கீழே சோழர் கட்டிய கோயிலும், சிங்கள மன்னர் எழுப்பிய விகாரைகளும், வேளைக்காரரின் வாக்குறுதியைத் தாங்கிய கல்லும் மரநிழலில் மறைந்திருக்கும். மதகினூடே சென்ற நீர் அவற்றைக் கடந்து கதுருவெலை வயல்களில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாய்க்காலின் வரம்பில் மண்வெட்டியோடு நின்று உடைப்பை அடைக்கும் கமக்காரனும், அந்நகரைக் காத்தவர் வரிசையில் ஒருவனே.